மண்டபத்தில் கூட்டம், பக்கத்து அறையில் குழந்தைகள்: பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக் கூட்டங்களுக்கு வரும் பெற்றோரில் பலர் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டோ, நான்கு வயதுப் பிள்ளையை நாற்காலிக்கு அடியிலிருந்து திரும்பத் திரும்ப வெளியே இழுத்துக்கொண்டோதான் பேசுவதைக் கேட்கிறார்கள். பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை, விழுந்த பாதியும் மனத்தில் நிற்பதில்லை. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள். ஆகவே பள்ளியே ஒரு அறையை ஒதுக்கி, இரண்டு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யும் வழக்கம் பயனுள்ளது. அந்த அறையின் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் “குழந்தைகளுக்கு என்னென்ன விளையாட்டு வைக்கலாம்?” என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அறை நன்றாக நடப்பதும் குலைந்துபோவதும் விளையாட்டைவிட வாசலைப் பொறுத்தே இருக்கின்றன என்பது என் அனுபவம். குழந்தை உள்ளே வரும் முதல் சில நிமிடங்களையும் வெளியே போகும் கடைசிச் சில நிமிடங்களையும் ஒழுங்காக அமைத்துவிட்டால், நடுவில் உள்ள நேரம் பெரும்பாலும் தானே ஓடிவிடும்.

முதலில் நிகழ்ச்சியைப் பற்றிக் கேளுங்கள்

எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே விதமான ஏற்பாடு பொருந்தாது. எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கலையும் பொதுக்கூட்டம் என்றால், அறையிலும் ஒரு தொடக்கம், நடு, முடிவு என்று திட்டமிடலாம். ஆசிரியரை ஒவ்வொருவராகச் சந்திக்கும் நாளென்றால் நிலைமை வேறு: ஒரு குழந்தை வந்து பத்து நிமிடத்தில் போய்விடும், அடுத்தது வரும், வாசல் ஓயாது. அன்றைக்கு நீண்ட கதையோ பெரிய கைவேலையோ வைத்தால் எந்தக் குழந்தையும் அதை முடிக்காது. முடிக்காததை விட்டுவிட்டு எழுந்திரு என்றால் அழத்தான் செய்யும். பத்து நிமிடத்தில் முடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய வேலைகளே அன்றைக்கு ஏற்றவை.

ஆண்டுவிழா போன்ற கலைநிகழ்ச்சி மூன்றாவது வகை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அக்கா மேடையில் ஆடும் ஐந்து நிமிடத்தைத் தம்பியும் பார்க்க விரும்புவான். அவனை அறையிலேயே வைத்துவிட்டு “அக்கா நன்றாக ஆடினாள்” என்று பிறகு சொல்வது நியாயமில்லை. நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கி, எந்தக் குழந்தையின் அண்ணனோ அக்காவோ எப்போது மேடையேறுகிறார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் பெற்றோரே வந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள். மாலை நேரக் கூட்டமென்றால் குழந்தைகள் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும்தான் வருவார்கள். அறையில் உணவு தருவதில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஒவ்வாமை, தொண்டையில் அடைத்துக்கொள்ளுதல் என்று இரண்டு கவலைகள் ஒரேயடியாகக் குறைந்துவிடும். சாப்பிடவைத்து அழைத்துவரும்படி அழைப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தண்ணீர் மட்டும், அவரவர் பெயர் எழுதிய புட்டியில்.

எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர்

உங்கள் ஊரில் சட்டமோ பள்ளியின் விதியோ இருந்தால் அதுவே முதன்மையானது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில் ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் முன்பருவப் பராமரிப்பு விதிகளைப் பார்க்கலாம்: அங்கே 2 வயதுக்குக் குறைந்த 3 குழந்தைகளுக்கு ஒருவர், 2 வயதில் 5 குழந்தைகளுக்கு ஒருவர் (2023 செப்டம்பருக்கு முன் இது 4 ஆக இருந்தது), 3 வயதுக்கு மேல், ஆசிரியர் தகுதி பெற்றவர் உடனில்லாதபோது, 8 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். இவை குழந்தைகளைத் தினமும் பார்த்துப் பழகிய பணியாளர்களுக்கான எண்கள் என்பதை மறக்க வேண்டாம். உங்களிடம் வருபவர்கள் முன்பின் தெரியாத குழந்தைகள். உடன் நிற்பவர்களும் அன்றைக்கு மட்டும் வந்த தன்னார்வலர்கள். எனவே இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு குழந்தைகளே வந்தாலும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் கழிப்பறைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றாலும் அறையில் இருவர் இருக்க வேண்டும் என்பதால் நடைமுறையில் மூன்று பேர் தேவைப்படுவார்கள். அந்த மூன்றாமவரின் வேலை வாசல். அவர் விளையாட்டில் சேர மாட்டார். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் உதவிக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் அவர்களைப் பெரியவர்களின் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், சிறு குழந்தையோடு தனியாகக் கழிப்பறைக்கும் அனுப்பாதீர்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்பதா என்று முதலிலேயே முடிவெடுங்கள். ஏற்கும் ஏற்பாடு இல்லையென்றால் தயங்காமல் இல்லையென்று சொல்லிவிடலாம். மண்டபத்தின் பின்வரிசையில் அந்தத் தாய்மார்களுக்கு வசதியாக இடம் ஒதுக்குவது அதைவிட உதவியாக இருக்கும்.

அறையை முழங்காலிட்டுப் பாருங்கள்

முந்தைய நாளே அறைக்குப் போய், கதவருகில் முழங்காலிட்டு, மூன்று வயதுக் குழந்தையின் உயரத்திலிருந்து சுற்றிலும் பாருங்கள். நின்றுகொண்டிருந்தபோது கண்ணில் படாதவை எல்லாம் அப்போதுதான் தெரியும்: மேசை விளிம்பின் கூர்மையான மூலை, தரையோரத்து மின்சாரப் பிளக், பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் பின். வகுப்பறைகளில் இந்தப் பின்கள் கிடப்பது மிகச் சாதாரணம்.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் வருவதாயிருந்தால் சிறு பொருள்களை அகற்றுங்கள். விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. அந்த உருளை கையில் இல்லாவிட்டால், கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழாயைப் பயன்படுத்துங்கள். அது சற்றே அகலமானது என்பதால் பாதுகாப்பு கூடுமேயன்றிக் குறையாது. பட்டன் பேட்டரி போட்ட பாடும் பொம்மை, மின்னும் பொம்மை எதையும் அறைக்குள் விடாதீர்கள்: விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பலூனும் வேண்டாம். அலங்காரத்துக்காகக் கட்டுவார்கள், வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டு மூச்சுக்குழலை மூடிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம்.

உடன் நிற்பவர்களில் ஒருவராவது முதலுதவி கற்றவராக இருக்கட்டும். அடைப்பு ஏற்பட்டுக் குழந்தையால் இருமக்கூட முடியாவிட்டால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். அதற்கும் வெளிவராவிட்டால் 5 முறை வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்க, மற்றவர் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பைத்தான் அழுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, பயிற்சி வகுப்பில் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

வாசல்

வாசலில் ஒரு மேசை, ஒரு பதிவுத்தாள், ஓர் ஆள். கதவு அடைத்தே இருக்கட்டும். ஆனால் பூட்ட வேண்டாம்.

பதிவுத்தாளில் குழந்தையின் பெயர், வயது, வீட்டில் கூப்பிடும் பெயர், ஒவ்வாமை, கழிப்பறை வேண்டுமென்றால் குழந்தை சொல்லும் சொல், பெற்றோரின் கைபேசி எண், மண்டபத்தில் அவர்கள் உட்காரப்போகும் இடம், திரும்ப அழைத்துச் செல்லப்போகிறவர் யார் என்பவை இருந்தால் போதும். கூப்பிடும் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்ததிலிருந்து “குட்டி” என்றே அழைக்கப்பட்ட குழந்தையைச் சான்றிதழில் உள்ள நீண்ட பெயரால் அழைத்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அழுகிற நேரத்தில் அந்த வீட்டுப் பெயர்தான் கைகொடுக்கும். உட்காரும் இடம் எதற்கென்றால், கூட்டத்தில் எல்லாருடைய கைபேசியும் ஒலியடக்கித்தான் இருக்கும். நான்காவது வரிசை, இடது ஓரம் என்று தெரிந்தால் ஒருவர் நேரே போய்த் தோளைத் தொட்டு அழைத்து வந்துவிடலாம்.

எண் எழுதிய ஒட்டுச்சீட்டு இரண்டு தயாரியுங்கள். ஒன்று குழந்தைக்கு, அதே எண்ணுள்ள மற்றொன்று பெற்றோருக்கு. குழந்தையின் சீட்டை மார்பில் ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் பிய்த்துப் பக்கத்துக் குழந்தையின் நெற்றியில் ஒட்டிவிடும். முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவில் ஒட்டுங்கள். அங்கே கை எட்டாது.

அழைத்துச் செல்லும்போது சீட்டு பொருந்த வேண்டும், பதிவுத்தாளில் உள்ள ஆளாகவும் இருக்க வேண்டும். இதில் நான் ஒருமுறை தவறினேன். கூட்டம் முடிந்த நெரிசலில் முதியவர் ஒருவர் வந்து “என் பேத்தி” என்று கையை நீட்டினார், குழந்தையும் “தாத்தா” என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது, அனுப்பிவிட்டேன். அவர் தாத்தாதான். ஆனால் ஐந்து நிமிடம் கழித்துச் சீட்டோடு வந்த தாய்க்கு அது தெரியாது. எனக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாத்தாவும் பேத்தியும் வாயிற்கதவருகே நிற்பதைக் கண்டுபிடிக்கும் வரை அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து, சீட்டு இல்லாதவரிடம் “அம்மாவை ஒரு நிமிடம் வரச் சொல்லுங்கள் ஐயா” என்று சொல்லக் கூச்சப்படுவதே இல்லை. கோபித்துக்கொள்பவர்கள் மிகச் சிலரே. அடுத்த முறை அவர்களே சீட்டோடு வருவார்கள்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளை ஏற்க வேண்டாம். மருந்து கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டாம். இன்ஹேலர் போன்ற அவசர மருந்து தேவைப்படும் குழந்தையாக இருந்தால் பெற்றோரைக் கதவுக்கு அருகிலேயே உட்காரச் சொல்லுங்கள்.

அழுகிற குழந்தை

பெற்றோரைப் பிரியும் பதற்றம் ஏறத்தாழ எட்டு மாதத்தில் தொடங்கி, பத்து முதல் பதினெட்டு மாதங்கள் வரை உச்சத்தில் இருக்கும். மூன்று வயதிலும் புது இடத்தில் அது மீண்டும் தலைதூக்கலாம். அது வளர்ச்சியின் இயல்பான பகுதியேயன்றி வளர்ப்பின் குறையன்று என்பதை, வெட்கத்தோடு நிற்கும் அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நைசாக நழுவிவிடலாம் என்று பெற்றோர் நினைப்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது ஆளைக் காணாத குழந்தை அடுத்த முறை வாசற்படியிலேயே கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்காது. “அம்மா பெரிய அறையில் பேசக் கேட்டுவிட்டு, நீங்கள் கதை கேட்டு முடித்ததும் வருவேன்” என்று சொல்லி, ஒருமுறை கையசைத்து, திரும்பாமல் போக வேண்டும். மணிக்கணக்கு குழந்தைக்குப் புரியாது. “கதை முடிந்ததும்” என்பது புரியும்.

பிறகு என்ன செய்வது? “அழாதே” என்று சொல்வதில் பயனில்லை. அம்மாவின் துப்பட்டாவையோ அப்பாவின் கைக்குட்டையையோ கையில் கொடுத்துப் பாருங்கள். எதிரே உட்கார்ந்து, குழந்தையைப் பார்க்காமல், நீங்கள் பாட்டுக்கு மரக்கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஐந்தாவது கட்டையில் அழுகையின் சுருதி இறங்கும், எட்டாவதில் நிற்கும், பிறகு ஒரு கை நீண்டுவந்து அடுக்கைத் தள்ளிவிடும். அது நல்ல அறிகுறி, மறுபடி அடுக்குங்கள். கால் மணி நேரம் கடந்தும் தேற்ற முடியாத அழுகையென்றால் பெற்றோரை அழைத்துவிடுங்கள்.

அந்த இரண்டு மணி நேரம்

முதல் முறை நான் பன்னிரண்டு மேசைகளில் பன்னிரண்டு வகையான வேலைகளை வைத்தேன். குழந்தைகள் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நிமிடம் நின்றார்கள், எல்லாவற்றையும் கலைத்தார்கள், அரை மணியில் “இனி என்ன?” என்று கேட்டார்கள். இரண்டாவது முறை குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மட்டும் அறை நடுவில் வைத்தேன், பக்கத்தில் கிரேயான்கள். முதலில் அதற்குள் ஒளிந்தார்கள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி அதைப் பேருந்து என்றாள். உடனே ஓட்டுநர் யாரென்று சண்டை வந்தது. அவளே ஒரு தாளைக் கிழித்து எண் எழுதி, வரிசை எண்படி ஓட்டலாம் என்று தீர்த்தாள். அந்தத் தாள் அப்படியே பயணச்சீட்டானது, ஒரு பையன் நடத்துநரானான், மூன்று வயதுக்காரர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எழுத்து, எண், பேச்சு, விட்டுக்கொடுத்தல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் நடந்தன. பலவற்றைப் பரப்பிவைப்பதைவிடக் குழந்தைகளே எதுவாகவும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பொருள் நெடுநேரம் நிற்கும் என்று அன்று கற்றேன்.

இது புதிய கண்டுபிடிப்பொன்றுமில்லை. கிண்டர்கார்ட்டன் என்ற சொல்லையே தந்த ஃபிரெடரிக் ஃபுரோபெல், 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுவர் நிலையம் தொடங்கியபோது, குழந்தைகள் கையில் கொடுத்தவை நூற்பந்தும், மரத்தாலான உருண்டையும், கனசதுரக் கட்டைகளும்தான். மரக்கட்டைகள் கிடைத்தால் நிறையக் கொண்டுவாருங்கள். பத்துக் கட்டைகளால் சண்டை வரும், நூறு கட்டைகளால் ஊர் வரும்.

வயதுக்கேற்ற எதிர்பார்ப்பும் வேண்டும். இரண்டு குழந்தைகள் அருகருகே உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் சேராமல் விளையாடுவதை மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியான தம் ஆய்வில் விவரித்திருக்கிறார். இரண்டு, மூன்று வயதில் இது மிக இயல்பு. அந்த வயதுக்காரர்களிடம் “சேர்ந்து விளையாடுங்கள், பகிர்ந்துகொள்ளுங்கள்” என்று வற்புறுத்தாமல், ஒரே பொருளில் இரண்டு மூன்று வைத்துவிடுங்கள்.

பிசையும் மாவு எல்லா வயதினருக்கும் பிடிக்கும். இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறத்தாழ ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்தால் போதும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடும் வயதினருக்குத் தரக்கூடாது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் இந்த மாவு மேசைக்கே வரக்கூடாது; கடையில் விற்கும் பிளே-டோவிலும் கோதுமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பதிவுத்தாளில் ஒவ்வாமை கேட்பது உணவுக்காக மட்டுமன்று.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் இருபது நிமிடம் தானாக விளையாடவிடுங்கள், ஏனெனில் அப்போது வாசலில் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள். பிறகு பெரிய வேலை. அது தளரும்போது எழுந்து குதிக்கவும் தாளத்துக்கு நடக்கவும் ஒரு பத்து நிமிடம். பிறகு கைகழுவல், சோப்புப் போட்டு 20 விநாடியாவது. அதன்பின் கதை.

கதையைப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதைவிட முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் கதையாக இருந்தால் மூன்றாம் முறை குழந்தைகளே அதை முந்திக்கொண்டு சொல்வார்கள். எந்தக் குழந்தை சொல்லவில்லை என்று அப்போது பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத் தூக்கமோ கழிப்பறைத் தேவையோ இருக்கக்கூடும். திரையில் படம் போட்டுவிடலாமே என்ற யோசனை எப்படியும் எழும். இரண்டு மணி நேரமும் அதுதான் என்றால் இந்த ஏற்பாட்டுக்கே அவசியமில்லை. மண்டபத்திலேயே பெற்றோரின் கைபேசியைக் கொடுத்து உட்காரவைத்துவிடலாம்.

முடிந்தால் மண்டபத்தில் பேசப்படுவதோடு அறையின் வேலையை இணையுங்கள். விளையாட்டுத் திடலைச் சீரமைப்பது பற்றிக் கூட்டமென்றால் குழந்தைகளும் கட்டைகளாலும் அட்டையாலும் தங்களுக்கு வேண்டிய திடலைக் கட்டட்டும். பெரியவர்கள் சுவரின் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், குழந்தைகள் கட்டிய திடலில் சறுக்குமரத்துக்கு அருகிலேயே தண்ணீர்க் குழாயும் நிழலுக்கு ஒரு மரமும் நிற்கும். முடிவில் அதை மண்டபத்து மேசையில் வைத்துக் காட்டுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறையும், ஒவ்வொரு முறை இடம் மாறிய பிறகும், தலைகளை எண்ணிப் பதிவுத்தாளோடு ஒப்பிடுங்கள். படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் எடுக்காவிட்டாலும் உடன் வந்தவர் எடுத்து எங்காவது பகிர்ந்துவிடுவார் என்பதால், கைபேசிகளை வாசல் மேசையில் வைத்துவிடும்படி தொடக்கத்திலேயே சொல்லுங்கள். வாசலில் நிற்பவரின் கைபேசி ஒன்று மட்டும் அவசரத்துக்கு இயக்கத்தில் இருக்கட்டும். கழிப்பறைக்கு ஒரு பெரியவர் இரண்டு குழந்தைகளாக அழைத்துச் செல்வதே எல்லாருக்கும் பாதுகாப்பு.

கடைசிக் கால் மணி நேரம்

கூட்டம் முடியப்போகிறது என்று மண்டபத்திலிருந்து ஒருவர் வந்து சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். சொன்னவுடன் பொருள்களை எடுத்துவைக்கத் தொடங்குங்கள், “சிவப்புக் கட்டைகளை யார் கொண்டுவருவார்கள்?” என்றால் அதுவும் விளையாட்டாகிவிடும். செருப்பு, தண்ணீர்ப்புட்டி, கைவேலை மூன்றையும் ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் வைத்துவிட்டு, எல்லாரையும் தரையில் உட்காரவைத்துக் கடைசிக் கதையைத் தொடங்குங்கள். முப்பது பெற்றோர் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும்போது குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தால் யார் யாரோடு போனார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பெற்றோர் வெளியே வரிசையில் நிற்கட்டும். வாசலில் இருப்பவர் சீட்டைச் சரிபார்த்து எண்ணைச் சொல்லட்டும். உள்ளே இருப்பவர் அந்த ஒரு குழந்தையை மட்டும் எழுப்பி அனுப்பட்டும். போன நேரத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்படைக்கும்போது குழந்தை செய்த ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். “சமர்த்தாக இருந்தான்” என்பதில் பெற்றோருக்கு ஒன்றும் கிடைக்காது. “பேருந்தில் எல்லாருக்கும் சீட்டு கிழித்துக் கொடுத்தது இவன்தான்” என்றால் வீடுபோகும் வழியெல்லாம் பேச ஒரு விஷயம் இருக்கும். விழுந்தது, சிராய்த்தது, கடித்தது எதுவானாலும் அதையும் மறைக்காமல் அப்போதே சொல்லி, தாளிலும் எழுதுங்கள்.

கடைசிக் குழந்தை போன பிறகு கழிப்பறையையும், திரைச்சீலையின் பின்புறத்தையும், அட்டைப்பெட்டிக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். எது நன்றாக ஓடியது, எது கட்டோடு கிடந்தது, கிரேயான் எத்தனை மிச்சம் என்று ஒரு தாளில் எழுதிப் பொருள் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். அடுத்த முறை வேறொருவர் திறக்கக்கூடும். விழுந்தது, சிராய்த்தது பற்றி எழுதிய தாள் இருந்தால் அதைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். பதிவுத்தாள்களில் கைபேசி எண்களும் குழந்தைகளின் விவரங்களும் இருப்பதால் அவற்றைப் பெட்டியில் விடாதீர்கள். பள்ளி கேட்டால் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கேட்காவிட்டால் சிறு துண்டுகளாகக் கிழித்துப் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள்.